ஆள்காட்டி வீரணனும் அயலூர் வாத்தும்

பாறையடிக் கண்மாயில் வீரணன் என்ற ஆள்காட்டிக் குருவி காவல் காத்துவந்தான். யாரும் அவனைக் காவலுக்கு வைக்கவில்லை. ஆனாலும் காட்டுப் பக்கமிருந்து ஒரு நரி மூக்கை நீட்டினால் போதும், வீரணன் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பான். "யார்றா அது? யார்றா அது?" என்று அவன் போடும் கூச்சலில் கண்மாயே கிடுகிடுத்துப்போகும்.

வீரணனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாதிதான். ஒன்று, நம்ம ஊர்க்காரர்கள். இன்னொன்று, வெளியூர்க்காரர்கள். நம்ம ஊர்க்காரர்களைப் பார்த்தால் தலையை ஒரு முறை ஆட்டுவான். வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் தொண்டை கிழியக் கத்துவான். இதைவிட எளிய கணக்கு எங்கே உண்டு!

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரை பிறப்பதற்குள் கண்மாய் காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மடைக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு மடு உண்டு. மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது. கொக்கு, விரால், கெண்டை, தவளை எல்லோரும் அதை நம்பியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

வீரணனுக்கு எல்லோரையும்விட ஒரு பிடி கூடுதல் கவலை. அவன் மனைவி செவந்தி நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. கட்டாந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடுவார்கள். கல் எது, முட்டை எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வெயிலுக்குத் தெரியுமே! உச்சிவேளையில் தரை தோசைக்கல்லாகக் காயும். அப்போது ஒருவர் இறக்கையை விரித்து முட்டைக்கு நிழல் தருவார். மற்றவர் மடுவுக்கு ஓடி, வயிற்று இறகைத் தண்ணீரில் நன்றாகத் தோய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைமேல் உட்காருவார். இப்படி நாள் முழுக்க வயிற்றில் தண்ணீர் சுமந்தால்தான் முட்டை பிழைக்கும். மடு வற்றிவிட்டால் நாலும் அவிந்துபோகும்.

இந்த நேரம் பார்த்துத்தானா மடுவில் ஒரு வெளியூர்க்காரி இருக்க வேண்டும்!

அவள் ஒரு வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் கால், நல்ல பெரிய உடம்பு. மார்கழிக் குளிரில் கூட்டத்தோடு வந்தவள். பங்குனியில் கூட்டம் வடக்கே திரும்பியபோது, புறப்பட்ட அன்றே மின்சாரக் கம்பியில் மோதிக் கீழே விழுந்தாள். இடது இறக்கை முறிந்துவிட்டது. கூட்டம் இரண்டு முறை வட்டமடித்துப் பார்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு மடுவோரம் நடப்பாள். கோரைப்புல்லைக் கடிப்பாள், தண்ணீர் குடிப்பாள். யாரோடும் வம்புக்குப் போனதில்லை. வீரணன் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "யார்றா அது?" என்று கத்துவான். அவளும், "நான்தான் அண்ணே!" என்று பதில் சொல்வாள். பதில் சொல்லும் வெளியூர்க்காரியை வீரணன் அதுவரை பார்த்ததில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மடு சுருங்கச் சுருங்க அந்த எரிச்சல் பெருகியது. ஒருநாள் காலையில் வீரணன் எல்லோரையும் மடுவோரம் கூப்பிட்டான்.

"இருக்கிற தண்ணி நமக்கே பத்தாது! இனிமே இந்தக் கண்மாயில பிறந்தவங்களுக்கு மட்டும்தான் மடுத் தண்ணி. மத்தவங்க இடத்தைக் காலி பண்ணணும்!"

எல்லோரும் வாத்தைப் பார்த்தார்கள்.

"உன் ஊரு எது?" என்று வீரணன் அதட்டினான்.

"வடக்கே, பனிமலைக்கு அந்தப் பக்கம் அண்ணே."

"மலையா? நம்ம பாறை உசரம் இருக்குமா?"

வாத்து கண்மாயோரப் பாறையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் பாறை மேல ஒரு பாறை, அது மேல ஒரு பாறைன்னு அடுக்கிக்கிட்டே போங்க அண்ணே. ஒரு இடத்துல மேகமெல்லாம் உங்களுக்குக் கீழ போயிடும். மலை அப்பவும் முடியாது. அதுக்கும் மேல நாங்க பறக்கணும். அங்க மூச்சை இழுத்தா உள்ள காத்து வருதா இல்லையான்னே தெரியாது. கீழ பார்த்தா பச்சையே கிடையாது. எல்லாம் வெள்ளை. சத்தமும் கிடையாது. எங்க இறக்கைச் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

மேகத்துக்கு மேலே ஓர் இடம் உண்டு என்பதே கூட்டத்துக்குப் புதுச் செய்தி. அங்கே பறந்து வந்தவளின் கால்கள் இதோ நம் சேற்றில் நிற்கின்றனவே என்று கொக்கு அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வீரணனுக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொண்டால் காவல்காரன் மரியாதை என்னாவது?

"கதையெல்லாம் கேட்டாச்சு! இங்க பிறக்கலைல்ல? அவ்வளவுதான்!" என்றான்.

அப்போது கொக்கு தொண்டையைச் செருமியது. "அண்ணே, ஒரு சந்தேகம். நான் தாமரைக்குளத்துப் புளியமரத்துல பிறந்தவன். இங்க மீனுக்காக வந்தேன்."

"நீ இத்தனை வருஷமா இருக்கியே!"

"வருஷத்தைக் கேக்கலையே நீங்க? பிறந்த இடத்தைத்தானே கேட்டீங்க?"

விரால் மீன் தலையைத் தூக்கியது. "நான் மேலக்கண்மாய். அது உடைஞ்சப்போ வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து இங்க விழுந்தேன்."

"என்னை ஒரு ஆளு பிளாஸ்டிக் குடத்துல கொண்டாந்து கொட்டினான். எங்க பிறந்தேன்னு எனக்கே தெரியாது!" என்றது ஜிலேபிக் கெண்டை.

வீரணனுக்கு முகம் வாடியது. "அப்போ இங்க பிறந்தவங்க யாருதான் இருக்கீங்க?"

"நான்! நான்!" என்று தவளை துள்ளிக் குதித்தது. "இந்த மடுவுலதான் வாலோட திரிஞ்சேன். சாட்சி இருக்கு!"

"நாங்களும் இங்கதான் பிறந்தோம்! நாங்கதான் சாட்சி!" என்று ஒரு கொசுக் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. தவளை நாக்கை நீட்டிச் சாட்சியை விழுங்கிவிட்டது.

"கருவேல மரத்துல கூழைக்கடாக் குஞ்சுங்க பிறந்துச்சே?" என்று யாரோ கேட்டார்கள்.

"தண்ணி வத்தின மறுநாளே பறந்துடுச்சுங்க," என்றது கொக்கு. "பிறந்தவங்க ஓடிட்டாங்க. பிறக்காதவங்க நாம கிடந்து காயறோம்."

வீரணனுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மடுவின் நடுவைப் பார்த்துக் கூப்பிட்டான். "விலாங்கு அக்கா! ஏ விலாங்கு அக்கா! நீ கொஞ்சம் மேல வா!"

தண்ணீர் கலங்கியது. நீண்ட கரிய உடம்பு ஒன்று மெல்ல மேலே வந்தது. அந்தக் கண்மாயில் விலாங்கு இல்லாத காலத்தை யாருமே பார்த்ததில்லை. எத்தனையோ கோடைகளை இந்த மடுச் சேற்றில் படுத்துக் கழித்தவள். கண்மாயை யாராவது தன் வீடு என்று சொல்லலாமென்றால் அவள்தான் சொல்ல வேண்டும்.

"நீ சொல்லு அக்கா! நீதானே அசல் பாறையடிக் கண்மாய்க்காரி?"

"நான் கடல்ல பிறந்தவ," என்றது விலாங்கு.

"எதுல?"

"கடல்ல."

"அது எந்தப் பக்கத்துக் கண்மாய்?" என்று தவளை கேட்டது.

விலாங்கு சிரிக்கவில்லை. "அதுக்கு ஒரு பக்கம்தான் கரை இருக்கு. இன்னொரு பக்கம் கரையை யாரும் பார்த்ததில்லை. இந்த மடுவைப் போல ஆயிரம் மடுவை ஒண்ணுக்கு மேல ஒண்ணு வச்சாலும் அதோட அடி எட்டாது. அந்த அடியிலதான் எங்காத்தா முட்டை விட்டா. அங்க வெளிச்சமே கிடையாது. நான் பிறந்தப்போ ஒரு இலை மாதிரி இருந்தேன். கண்ணாடி இலை. என் உடம்புக்குள்ள எதிர்ப்பக்கம் தெரியும்."

செவந்திகூட தூரத்தில் முட்டைமேல் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அலை என்னை எங்கெங்கேயோ தள்ளிக்கிட்டுப் போச்சு. ஒருநாள் உப்புத் தண்ணியில ஒரு ருசி வந்துச்சு. மண்ணு ருசி. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். ஆத்துல ஏறினேன். ஆத்துல ஆயிரம் பேரு என்னைத் தின்னப் பார்த்தாங்க. வாய்க்கால்ல ஏறினேன். வாய்க்கால்ல தண்ணி நின்னுபோன இடத்துல, மழை பேஞ்ச புல்லு மேல பாம்பு மாதிரி ஊர்ந்தேன். கண்மாய் நிறைஞ்சா தண்ணி வழியுமே, இந்தக் கலுங்குச் சுவர்ல பாசியைப் பிடிச்சு ஏறினேன். வழுக்கி விழுந்தேன். திரும்ப ஏறினேன். இந்தத் தண்ணியில வந்து விழுந்ததும் அந்த ருசி அப்படியே இருந்துச்சு. இந்தச் செம்மண்ணு ருசிதான் அது. அதுக்குப் பிறகு நான் எங்கேயும் போகலை."

சொல்லிவிட்டு விலாங்கு மறுபடி மடுவின் அடிக்குப் போய்விட்டது.

வீரணன் அந்தச் சின்ன மடுவைப் பார்த்தான். இத்தனை நாளும் அது அவனுக்கு வெறும் தண்ணீர்ப் பள்ளம். இன்றைக்கு அதன் ஒரு கரையில் மேகத்துக்கு மேலே பறந்தவள் நிற்கிறாள். அதன் அடியில் கடலின் ஆழத்தில் பிறந்தவள் கிடக்கிறாள். நாலு எட்டில் சுற்றி வந்துவிடலாம் என்று நினைத்த இடத்துக்கு எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் உயிர் வந்து சேர்ந்திருக்கிறது!

ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! அது அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா?

அந்த நேரத்தில் செவந்தி தூரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க! நீங்க பிறந்தது உப்பாத்து ஓரம்ல! என்னைக் கட்டிக்கிட்டுத்தானே இங்க வந்தீங்க? மறந்துபோச்சா?"

"அடடே! நம்ம காவல்காரர் வீட்டோட மாப்பிள்ளையா!" என்று தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்து மட்டும் சிரிக்கவில்லை.

வீரணனுக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்த சிவப்புத் தோல் இன்னும் சிவந்தது. "சரி! பிறந்ததை விடுங்க! இங்க முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சு, குடும்பம் நடத்துறவங்களுக்குத்தான் தண்ணி! நமக்கெல்லாம் இங்க ஒரு பிடிமானம் இருக்கு. இவளுக்கு என்ன இருக்கு? இறக்கை சரியானா நாளைக்கே பறந்துடுவா. நம்ம தண்ணியைக் குடிச்சுட்டு நம்மளை மறந்துடுவா! என்ன சொல்றீங்க?"

சிரிப்பு நின்றது. கொக்கு தரையைப் பார்த்தது. விரால் தண்ணீருக்குள் போய்விட்டது. நியாயம் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மடு சுருங்குவதும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி போனால் ஒரு வாய் குறையும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே தீர்ப்பாகிவிட்டது.

வாத்து கழுத்தைத் தாழ்த்தினாள். "சரி அண்ணே. நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் நடந்து போயிடறேன்."

நடந்து எங்கே போவது? சுற்றிலும் முள்ளுக்காடு. தண்ணீர் என்றால் ஆற்றில்தான். ஆறு வெகுதூரம். வழி நெடுக நரி. பறக்க முடியாத வாத்து அந்த வழியில் போனால் என்னாகும் என்று தவளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தவளையும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெயில் பேயாக அடித்தது. காற்று அசையவே இல்லை. மடு இன்னும் ஓர் எட்டு உள்வாங்கியிருந்தது. தண்ணீர் இருந்த இடமெல்லாம் கறுப்புச் சகதியாகிக் கொழகொழத்தது.

வெயில் தாழ நேரம் கிடந்தும் வீரணன் முன்கூட்டியே மேற்குக் கரைமேல் போய் நின்றுகொண்டான். வாத்து போகும் வழி அதுதான். சொன்ன சொல்படி அவள் போகிறாளா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் அவள் முகத்தை மடுவோரம் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வெறும் பாதையைப் பார்த்து நின்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே.

வெகுநேரம் நின்றான். யாரும் வரவில்லை. முட்டைக்கு நிழல் தரும் முறை தன்னுடையதாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பினான்.

முட்டை இருந்த இடத்தில் செவந்தி இல்லை. அங்கே அந்த வாத்து நின்றாள்! அலகில் கறுப்பாக எதையோ கவ்விக்கொண்டு, குனிந்து குனிந்து முட்டைமேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முட்டையை மூடுறா! பழி வாங்குறா!" என்று வீரணன் பதறினான். கத்தினால் போகிற ஆளில்லை அவள். மோதினால் அவன்தான் நொறுங்குவான். அப்படியானால் ஆள்காட்டிக் குலத்தின் கடைசி ஆயுதத்தை எடுக்க வேண்டியதுதான்.

அந்த ஆயுதம் வேறொன்றுமில்லை, ஒரு நடிப்பு. முட்டைக்குப் பக்கத்தில் எதிரி வந்துவிட்டால் ஆள்காட்டி இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும். சுலபமாகக் கிடைக்கும் இரை என்று எதிரி பின்னாலேயே வருவான். முட்டையை விட்டு வெகுதூரம் வந்ததும் ஜிவ்வென்று பறந்துவிட வேண்டியதுதான். நரி, நாய், கீரி என்று வீரணனிடம் ஏமாறாதவர்களே கிடையாது.

"ஐயோ! என் இறக்கை போச்சே! நடக்க முடியலையே!" என்று வீரணன் அவள் கண்ணெதிரே விழுந்தான். இடது இறக்கையை விரித்து மண்ணில் இழுத்தான். நொண்டினான். முனகினான். புழுதியில் புரண்டான்.

வாத்து திரும்பிப் பார்த்தாள். முட்டையை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடிவந்தாள்.

"மாட்டிக்கிட்டா!" என்று நினைத்த வீரணன் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடினான். அவளும் விடவில்லை. ஓரிடத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். புழுதியில் இரண்டு கோடு கிடந்தது. ஒன்று அவன் பொய்யாக இழுத்த இறக்கையின் கோடு. மற்றது அவள் நிஜமாக இழுத்துவரும் இறக்கையின் கோடு.

"ஓடாதீங்க அண்ணே!" என்று வாத்து மூச்சிரைக்கக் கத்தினாள். "இழுத்துக்கிட்டு ஓடினா எலும்பு விலகிடும்! நானும் முதல்ல அப்படித்தான் ஓடினேன். அதான் இன்னும் கூடலை. அப்படியே உக்காருங்க. நீங்களும் கம்பியில அடிச்சுக்கிட்டீங்களா? ரொம்ப வலிக்குமே!"

வீரணன் அப்படியே நின்றுவிட்டான். இறக்கையை மடக்கவும் வெட்கமாக இருந்தது, விரித்தே வைத்திருக்கவும் வெட்கமாக இருந்தது.

"செவந்தி அக்கா வேற சகதியில மாட்டிக்கிட்டு இருக்கு!" என்றாள் வாத்து. "தண்ணி தோய்க்கப் போன இடத்துல கால் புதைஞ்சுபோச்சு. தூக்கப் போனா, என்னை விடு, முதல்ல முட்டையைப் பாரு, முட்டையைப் பாருன்னு கத்துது. என் இறகுல தண்ணி ஒட்டாது அண்ணே, உருண்டு ஓடிடும். அதான் ஈரப் பாசியை அள்ளிக் கொண்டாந்து முட்டை மேல போட்டேன். இப்போ உங்களுக்கும் இறக்கை போச்சு. நான் ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்ப்பேன்!"

"செவந்தி!" என்று அலறிக்கொண்டு வீரணன் ஜிவ்வென்று மேலே பறந்தான்.

பறந்த பிறகுதான் தன் குட்டு வெளிப்பட்டது அவனுக்கே தெரிந்தது. கீழே பார்த்தான். வாத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"பறக்க வருதா அண்ணே? நல்லவேளை! நல்லவேளை!" என்றாள்.

அந்தச் சொல் வீரணனின் நெஞ்சில் தைத்தது. பொய்யாக முறிந்த இறக்கைக்குத் துடித்தவள், அது பொய் என்று தெரிந்ததும் சந்தோஷப்படுகிறாளே! இப்படியும் ஒரு மனசா என்று அவனுக்குத் திகைப்பாக இருந்தது. பனிமலையைக் கேட்டபோதும், கடலைக் கேட்டபோதும் வராத திகைப்பு அது.

மடுவில் செவந்தி வயிறு வரை புதைந்து கிடந்தாள். இறக்கைகள் சகதியில் ஒட்டிப் பரந்திருந்தன. கொக்கும் மற்றவர்களும் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கால் வைத்தவர்கள் புதைவார்கள். அவ்வளவு மோசமான சகதி. மேலே பருந்து ஒன்று வட்டமடிக்கத் தொடங்கியிருந்தது.

"செவந்தி! நான் வந்துட்டேன்!" என்று வீரணன் அவள் தலைக்குமேல் படபடத்தான்.

"நீங்க இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று அந்த நிலைமையிலும் செவந்தி சீறினாள். "முட்டை வெயில்ல கிடக்கு! போய் நிழல் குடுங்க! போங்க!"

வேறு வழியில்லாமல் வீரணன் முட்டைக்கு ஓடினான். பாசியை விலக்கி முட்டையைத் தொட்டுப் பார்த்தான். நாலும் சில்லென்று இருந்தன. ஓர் ஓட்டுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு கீச்சொலி கேட்டது. வீரணன் இறக்கையை அகல விரித்து நின்றான். இந்த முறை அது நடிப்பு இல்லை. அங்கிருந்தபடியே மடுவைப் பார்த்தான்.

வாத்து சகதியில் இறங்கினாள். அவள் பாதம் விரல் இடுக்கெல்லாம் தோல் படர்ந்த அகலப் பாதம், அதனால் புதையவில்லை. செவந்திக்கு எட்டும் தூரம் வந்ததும் அப்படியே சகதியில் குப்புறப் படுத்தாள். முறிந்த இறக்கை அடியில் மடங்கியபோது, "அம்மா!" என்று ஒரு முறை அலறினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டவள்போல் பேசாமல் கழுத்தை நீட்டினாள். அதே நேரத்தில் சகதிக்கு அடியில் ஏதோ புரண்டது. விலாங்கு! அது உடம்பை முறுக்கி முறுக்கிச் செவந்தியின் காலடிச் சேற்றை இளக்கியது.

"அக்கா, என் கழுத்தைக் கவ்விக்கோ! விடாதே!"

செவந்தி கவ்வினாள். வாத்து பின்னால் இழுத்தாள். சகதி, "ப்ளக்" என்று அவளை விட்டது. மேலே பருந்து ஏமாந்து, பாறைப் பக்கம் போய்விட்டது.

வெயில் தாழ்ந்தது. வாத்து மடுவில் உடம்பைக் கழுவினாள். இறக்கையை ஒரு முறை சரிசெய்து பார்த்தாள். பிறகு நேரே முட்டை இருந்த இடத்துக்கு வந்தாள்.

"நான் கிளம்பறேன் அக்கா. வர்றேன் அண்ணே," என்றாள்.

வீரணன் அவளுக்கு முன்னால் ஓடி வழியை மறித்து நின்றான். "யார்றா அது!" என்று அவன் கத்திய கத்தலில் எல்லோரும் நரிதான் வந்துவிட்டது என்று ஓடிவந்து கூடிவிட்டார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்றான் வீரணன். "நேத்து நான் கேட்டது புத்திகெட்ட கேள்வி. எங்க பிறந்தே, எங்க முட்டையிட்டேன்னு கேட்டேன். யாருக்கு வெயில் அடிச்சா உனக்குச் சுடுதுன்னு கேட்டிருக்கணும். என் முட்டைக்கு அடிச்ச வெயில் இவளுக்குச் சுட்டிருக்கு. இவளைப் போகச் சொன்ன வாய் இது. இப்போ அதே வாயால கேக்கறேன். தாயி, போகாதே!"

"தண்ணி?" என்று தவளை மெதுவாகக் கேட்டது.

"என் பங்குல குடிக்கட்டும்!" என்றான் வீரணன்.

"என் பங்குலயும்," என்றது கொக்கு. நேற்று வாயைத் திறக்காத அவமானம் அதன் குரலில் தெரிந்தது. பிறகு விரால் சொன்னது. கெண்டை சொன்னது. கடைசியில் தவளை, "நான் கொஞ்சம்தான் குடிப்பேன், எடுத்துக்கோ!" என்றது. வாத்து கழுத்தை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மடு தாங்கியது. எப்படித் தாங்கியது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. எல்லோரும் அளந்து குடித்தார்கள். முட்டை நாலும் பொரிந்தன. கால் முளைத்த பஞ்சுருண்டைகளாக நாலு குஞ்சுகள் வாத்தின் நிழலில் ஓடித் திரிந்தன. ஆடிக் காற்றில் அவள் இறக்கை கோணலாகக் கூடியது. கண்மாய்க்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம், பனிமலையைத் தாண்ட முடியாது.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாகப் பாய்ந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் விலாங்கு மடுவை விட்டு வெளியே வந்தது. அதன் கறுத்த உடம்பு வெள்ளிபோல் நிறம் மாறியிருந்தது. கண் இரண்டும் பெரிதாகியிருந்தன. முட்டைவிடும் காலம் வந்த விலாங்கு கடலுக்குத்தான் போக வேண்டும். போனால் திரும்புவதில்லை.

எல்லோரும் கலுங்கில் கூடினார்கள். வந்த வழியெல்லாம் திரும்பப் போக வேண்டும்: வாய்க்கால், ஆறு, உப்புத் தண்ணீர், பிறகு அந்த வெளிச்சமில்லாத அடி. இவ்வளவு தூரம் அதற்கு யார் வழி சொன்னார்கள்? ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டுமே என்று வீரணன் தேடினான்.

"அக்கா, கடைசியில சொந்த ஊருக்குப் போறே. சந்தோஷமா போயிட்டு வா!" என்றான்.

கலுங்கின் விளிம்பில் விலாங்கு உடம்பை வளைத்து நின்றது. தலையைத் திருப்பி மடுவைப் பார்த்தது. மடையைப் பார்த்தது. வாத்தைப் பார்த்தது.

"இல்ல வீரணா," என்றது. "சொந்த ஊரை விட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுத் தண்ணீரோடு இறங்கிவிட்டது. அதன் உடம்பு வெள்ளத்தில் ஒரு முறை மின்னி மறைந்தது. வாத்து கலுங்குச் சுவரில் ஏறி, அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீரணன் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

பிறந்த மண் நாம் கேட்காமலே வாய்ப்பது. எந்த மண்ணின் வெயிலையும் வறட்சியையும் நம்முடையது என்று சுமக்கிறோமோ, அந்த மண்ணே நமக்குச் சொந்த ஊர்.